கண்ணிருந்தும் காணாமை

வாகனஞ் செலுத்துவோர் கையடக்கத் தொலைபேசியிற் பேசுதல் தீதென்பதை இன்று அறியாதார் இலர். எனினும் அத்தீமை எங்குளது என வினவின், கையில் உளதென்றே பலரும் விடை கூறுவர். கருவியைக் கையிற் பிடியாது காதிற் செருகிக்கொண்டால் இடரில்லை என்பது அவர்தந் துணிபு. அத்துணிபு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கண்ணின் செயலை நோக்குவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரங் கடக்கும். குறுஞ்செய்தி படிக்க 5 செக்கன் கண்ணைத் தாழ்த்தும் சாரதி 80 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைத் தெருவைக் காணாமலே கடக்கின்றார். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கிறே சமிற் என்னும் இடத்தருகே நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்றாகும். இளைஞர் ஒருவர் 11 நிமிடங்களுள் 11 குறுஞ்செய்திகளை அனுப்பியும் பெற்றும் வண்டி செலுத்தி, முன்னே வேகந் தணிந்த லொறியின்மீது மோதினார். பின்வந்த பாடசாலைப் பஸ் வண்டிகள் இரண்டும் அடுத்தடுத்து மோதின. அவ்விளைஞரும் பஸ்ஸிலிருந்த மாணவர் ஒருவரும் மாண்டனர். 38 பேர் காயமுற்றனர்.

இனி மனத்தின் செயலை நோக்குவோம். கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை றெடெல்மயர், ரிப்சிறானி என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து, 1997இல் தம் முடிபை வெளியிட்டனர். தொலைபேசியைப் பயன்படுத்தும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காகின்றது என்பது அம்முடிபு. கையிற் பிடியாது பேசுங் கருவிகளால் நன்மை விளைந்ததாக அவர்கள் காணவில்லை. அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்து உளநூல் வல்லுநர் ஸ்றேயரும் அவர்தங் குழுவினரும் பின்னர் நடாத்திய சோதனைகள் காரணத்தை விளக்கின. பேச்சில் ஈடுபட்ட சாரதிகள், தம் கண் நேரே நோக்கிய பொருள்களையும் பின்னர் நினைவுகூர இயலாது இடர்ப்பட்டனர். கண் பார்த்தது, மனம் காணவில்லை.

அருகிருப்பவரோடு உரையாடுதலும் இத்தகையதன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அருகிருப்பவர் தாமுந் தெருவைக் காண்கின்றார், இடர் எதிர்ப்படின் பேச்சை நிறுத்துவார், எச்சரிக்கவுஞ் செய்வார். தொலைவிலிருந்து பேசுபவருக்கோ தெரு தெரியாது. அவர் விடையை எதிர்பார்த்துப் பேசிக்கொண்டேயிருப்பார்.

ஆதலின் வாகனஞ் செலுத்துவோர் பொறுப்போடு அழைப்போர் பொறுப்பும் இதில் அடங்கியுள்ளது. புறப்படுமுன் கருவியின் ஒலியை அடக்கி எட்டாவிடத்தில் வைப்போமாக. பேசியே தீரவேண்டின் வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்திப் பேசுவோமாக. நாம் அழைத்த மகனோ நண்பரோ வண்டி ஓட்டுகின்றார் என அறிந்த கணமே, “வீடு சேர்ந்தபின் பேசுவோம்” என்று விடைபெறுவோமாக. அவர் வீடு சேர்தலினும் விரைந்து நாம் அறியவேண்டிய செய்தி யாதுளது?