உங்களுக்குத் தெரியுமா? எலிக்கும் முக்காடு உண்டு!

வளர்ப்பு எலியின் நிறம் வேறு, அதன் மேல் வெள்ளை விழும் விதம் வேறு. தலையும் தோளும் முக்காடு போட்டதுபோல் நிறமாகி, முதுகு நெடுக ஒரு பட்டை வால்வரை இறங்கினால் ‘ஹூடட்’. மேலெல்லாம் நிறம், வயிறு மட்டும் வெள்ளை என்றால் ‘பெர்க்‌ஷயர்’.

சாக்கடையோரம் ஓடும் எலியின் பழுப்புக்கு ‘அகூட்டி’ என்று பெயர். ரோமத்தை லேசாக ஊதிப் பார்த்தால் அடியில் கருஞ்சாம்பல், மேலே பழுப்பு, ஊடே கறுப்பு முடிகள் தெரியும். சலிப்பூட்டும் நிறம் என்று யார் சொன்னது?

வேடிக்கையானது ‘சயாமீஸ்’. இதில் நிறமியை உண்டாக்கும் நொதி உடற்சூட்டில் சரிவர வேலை செய்யாது. அதனால் குளிர்ந்த பகுதிகளான மூக்கு, பாதம், வாலடி ஆகியவை மட்டும் கருக்கும்.

விக்டோரியா அரசி காலத்து லண்டனில் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஜாக் பிளாக், அபூர்வ நிறத்தில் சிக்கியவற்றைக் கொல்லாமல் வளர்த்து, குட்டி ஈனவைத்து விற்றார். 1901-இல் அய்ல்ஸ்பரி நகரில் நடந்த சுண்டெலிக் கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது.

சிவந்த கண்ணுடைய தூய வெள்ளை எலியிடம் மட்டும் கணிப்பு பலிக்காது. அதன் மரபணுவில் கறுப்பும் இருக்கலாம், முக்காடும் இருக்கலாம். வேறு நிற எலியோடு சேர்ந்து அது ஈனும் குட்டிகளில்தான் குட்டு வெளிப்படும்.