மலைப்பாதையில் ஒரு குடும்பம்

2017-ஆம் ஆண்டு கோடையில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகச் சுவிட்சர்லாந்து நாட்டில் ஐந்து வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. லூசர்ன் ஏரிக்கு அண்மையிலிருந்த சிற்றூர் அது. நாம் சென்ற முதல் வாரத்திலேயே தமிழ்க் குடும்பம் ஒன்று நம்மைத் தேடி வந்தது. அவர்கள் மன்னாரைச் சேர்ந்தவர்கள். போர்க்காலத்தில், 1990-ஆம் ஆண்டில், குடும்பத் தலைவர் தனியாளாக அங்கு வந்து சேர்ந்தவர். உணவு விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. இல்லத்தரசிக்கு முதியோர் இல்லத்தில் பணி. பதினைந்து வயதில் ஒரு மகன், பத்து வயதில் ஒரு மகள்.

“சுவாமி, வாற சனிக்கிழமை எங்களோடு மலைக்கு வாருங்கோ” என்றார் அவர்.

நமக்கு வியப்பு. வாரமெல்லாம் அடுப்படியில் நின்று களைத்த மனிதர், கிடைத்த ஓய்வுநாளில் எதற்காக மலையேற வேண்டும்? இதை வாய்விட்டே கேட்டோம். அவர் தம் மகன் அப்பால் செல்லும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் விடை கூறினார்: “பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஜெர்மன் மொழி. வீட்டுக்கு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் வேலை முடிந்து வரும்போது எல்லோரும் நித்திரை. மலையில்தான் சுவாமி, அவன் என்னோடு கதைக்கிறான்.”

இப்பழக்கம் தோன்றிய விதத்தை இல்லத்தரசி நமக்குச் சொன்னார். அந்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளை ஆண்டுதோறும் நடைப்பயணம் அழைத்துச் செல்வது வழக்கம். மகன் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, கனத்த காலணி, மழையங்கி, தண்ணீர்ப் போத்தல் வேண்டுமென்று ஒரு துண்டுத்தாள் வந்தது. இவர்கள் அதைப் பெரிதாகக் கருதாமல் துணிக் காலணியோடு அனுப்பிவிட்டனர். மாலையில் சிறுவன் கால் முழுவதும் கொப்புளங்களோடு அழுதவாறு திரும்பினான். அடுத்த வாரமே தந்தை, பழைய பொருள் விற்கும் கடையில் நான்கு சோடி மலைக்காலணிகளைத் தேடி வாங்கினார். அன்று தொடங்கிய நடை, பனியில்லாத மாதங்களில் இரு வாரத்திற்கு ஒருமுறையேனும் இன்றுவரை தொடர்கிறதாம்.

நடப்பதற்கு அந்நாட்டினர் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு நம்மை வியக்க வைத்தது. குறியிடப்பட்ட நடைபாதைகள் மட்டும் 65,000 கிலோமீட்டர் அளவிற்கு அங்கு உள்ளன. 1979-ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணும் கடமையைத் தம் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தனர். அதற்கான தனிச்சட்டம் 1987-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மஞ்சள் பலகை இருந்தால் எவரும் நடக்கத்தக்க பாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனப் பட்டை தீட்டியிருந்தால் செங்குத்தும் குறுகலும் உள்ள மலைப்பாதை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால், பனிப்பாறையும் கற்பாறையும் கடக்கத் தெரிந்தவர்க்கு மட்டுமே உரிய பாதை. பலகையில் பெரும்பாலும் தொலைவு எழுதியிருப்பதில்லை. நடந்துசேர ஆகும் நேரமே எழுதியிருக்கும். ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது சமவெளியின் கிலோமீட்டர் அன்று என்பதை அவர்கள் அறிவர்.

குறித்த சனிக்கிழமை காலை, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலுள்ள கோல்டாவ் என்னும் ஊரிலிருந்து, 1,797 மீட்டர் உயரமுள்ள ரீகி மலையை நோக்கிப் புறப்பட்டோம். ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை இரயில் 1871-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது இம்மலையின் மீதுதான். கோல்டாவிலிருந்தும் 1875-ஆம் ஆண்டு முதல் இரயில் உண்டு. “இரயில் இருக்க நடப்பானேன்?” என்று நம் உள்ளம் முணுமுணுத்தது உண்மை. அன்றியும், நாம் அணிந்திருந்தது கோவிலுக்கு அணியும் வழுவழுப்பான தோற்காலணி. அதைக் கண்ட சிறுமி தன் ஊன்றுகோலை ஒன்றும் சொல்லாமல் நம் கையில் கொடுத்தாள்.

காடு, புல்வெளி, மணி கட்டிய பசுக்கள். மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்தால் மறவாமல் மூட வேண்டும் என்றும், கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கலாகாது என்றும் பிள்ளைகள் நமக்குக் கற்பித்தனர். எதிரே வருவோர் யாவரும், முன்பின் அறியாதவராயினும், வணக்கம் கூறிச் சென்றனர். நகரத் தெருவில் தமக்கு அவ்வாறு எவரும் கூறுவதில்லை என்றார் தந்தை. முன்னே தந்தையும் மகனும் பேசிக்கொண்டே சென்றனர். மன்னாரில் கடலுக்குச் சென்ற பாட்டனாரைப் பற்றி மகன் கேட்க, தந்தை சொல்லிக்கொண்டே போனார். தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் மகன் ஜெர்மன் சொல்லைப் போட்டான். தந்தை தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் குளோஸ்டர்லி என்னும் இடத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே சென்றதும் நாம் திகைத்து நின்றோம். அது பனிமய மாதாவின் ஆலயம்! தூத்துக்குடிக் கடற்கரையில், பனியைக் கண்ணால் காணாமலே அந்த அன்னையை அப்பெயரால் அழைத்து வளர்ந்தவர் நாம். கோடையில் மந்தையோடு மலையில் தங்கும் இடையர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பள்ளத்தாக்கிற்கு இறங்க இயலாது என்பதால், 1689-ஆம் ஆண்டில் இங்கு ஆலயம் எழுந்ததாம். இவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பலிக்கென ஒதுக்கிச் சனிக்கிழமையில் நடப்பவர்கள்; ஆலயத்தில் சற்றுநேரம் முழந்தாளிட்டு எழுந்து, வெளியே விசிப்பலகையில் அமர்ந்து ரொட்டியும் சம்பலும் பகிர்ந்து உண்டோம்.

மீண்டும் ஏறத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேற்கே வானம் கறுத்தது. உச்சிக்கு இன்னும் நாற்பது நிமிடம் என்றது பலகை. “சுவாமி மறுபடியும் எப்போது வரப்போகிறார்? உச்சியைக் காட்டிவிட வேண்டும், விரைந்து நடப்போம்” என்றார் தந்தை. அப்போது ஒரு மின்னல். மகன் நின்று எண்ணினான். இருபதாவது எண்ணில் இடி முழங்கியது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் திறந்த வெளியை விட்டு அகல வேண்டும் என்பது விதி.

“அப்பா, திரும்ப வேண்டும்.”

“இன்னும் கொஞ்சத் தூரம்தான், தம்பி.”

“மேலே மரமில்லை, வெறும் முகடு. சுவாமியின் சப்பாத்து வழுக்கும். தங்கச்சியும் இருக்கிறாள். திரும்ப வேண்டும் அப்பா.”

நாம் பேசாதிருந்தோம். குடும்பத் தலைவர் மகனின் முகத்தைச் சிறிது நேரம் நோக்கினார். மொழி தெரியாத நாட்டில் முப்பதாண்டு அளவும் யாரோ ஒருவர் இட்ட கட்டளைக்குப் பணிந்து உழைத்தவர். தம் இல்லத்திலாவது தம் சொல் நிற்க வேண்டும் என்று எண்ணியிருக்கக் கூடும். எனினும், “சரி, நீ முன்னே நட” என்று கூறித் திரும்பினார்.

இறக்கத்தில் இருமுறை வழுக்கினோம். இரண்டாம் முறை நம் தோளைப் பற்றி நிறுத்தியவன் அம்மகனே. ஆலயத்தின் வாயிலை அடைந்த சிறிது நேரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டியது. நாம் உண்ட விசிப்பலகை கண்ணெதிரே வெண்மையாக மூடிற்று. உள்ளே ஐவரும் ஒரே இருக்கையில் ஒடுங்கி அமர்ந்திருந்தோம். தந்தை மகனின் நனைந்த தலையைத் தம் துண்டால் துவட்டினார். பதினைந்து வயதுப் பிள்ளை அதற்கு இசைந்து தலைகுனிந்திருந்தான். மழை தணிந்ததும் இரயிலில் இறங்கினோம். ரீகியின் உச்சியை நாம் இன்றுவரை கண்டதில்லை.

மலை ஏறுவது துணிவைக் காட்டுவதற்கு என்று எண்ணுவோர் உண்டு. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், குருவாக இருந்தபோது 1889-ஆம் ஆண்டில் மோந்தே ரோசா மலையின் கடினமான கிழக்குமுகம் வழியே ஏறியவர். அவரே 1923-ஆம் ஆண்டில் மலையேறுவோர்க்குப் பாதுகாவலராகப் புனித பெர்நார்துவை அறிவித்தார். அப்புனிதர் உச்சிகளை வென்றவர் அல்லர். கணவாயில் விடுதி அமைத்து, வழிதவறியோரைக் காத்தவர். இது நம் சிந்தனைக்கு உரியது.

அன்பார்ந்த பெற்றோரே, அயல்நாட்டில் வாழும் உங்கள் உறவினர் வார இறுதியில் மலைக்குச் செல்வதாக எழுதினால், வீண் செலவு என்று எண்ணாதீர்கள். நல்ல காலணியும் மழையங்கியும் உண்டா, மாலை இடிக்கு முன் இறங்கிவிடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். கம்பளி உடை ஒன்றும் வேண்டும். நம் பங்கில் மலை இல்லை. உப்பளக் கரைதான் உண்டு. நாம் ஊர் திரும்பியபின், மாலை வேளையில் அக்கரையில் தம் மகனோடு நடக்கும் தந்தையர் எத்தனை பேர் என்று பார்த்து வருகிறோம். இதுவரை மூவரைக் கண்டோம்.