போகிப் பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கடைசி வரிசை மாணவன் ஒருவனுக்கு, இயற்கணிதம் தொடங்கினாலே கண் சொருகும். 'சோம்பேறி' என்று ஜூன் மாதமே மனதில் எழுதி வைத்துவிட்டேன். அதன்பின் அவன் எது செய்தாலும் அந்தச் சொல்தான் எனக்குத் தெரிந்தது.

நம் நினைவுக் கிடங்கு பெரிது. ஆனால் ஒரு கணக்கைப் போடும் நேரத்தில் பயன்படும் இடம் மிகச் சிறியது. உளவியலாளர்கள் இதை 'வொர்க்கிங் மெமரி' என்கிறார்கள். ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளைத்தான் அது தாங்கும் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். 3x + 7 = 22 என்ற சமன்பாட்டைத் தீர்க்கும் குழந்தை, 7 மறுபுறம் போனால் குறி மாறும் என்பதையும், கிடைத்த 15-ஐயும், அடுத்து 3-ஆல் வகுக்க வேண்டும் என்பதையும் ஒருசேரப் பிடித்திருக்க வேண்டும். 'ஃபெயிலானா வேலைக்கு அனுப்பிடுவாங்களோ' என்ற எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்தால் 15 நழுவிவிடும். தெரிந்த கணக்கும் தப்பாகும்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 2018-இல் வெளியான மறுஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆகவே மதிப்பெண் ஏறும் என்று நான் யாருக்கும் வாக்குத் தரமாட்டேன். இருந்தும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் செய்து பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு தாள், பத்து நிமிடம். பிழை பார்ப்பதில்லை, பெயர் வேண்டாம். எழுதியதைக் கிழித்து ஓர் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். 'போகிப் பெட்டி' என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். எரிப்பதில்லை, எங்கள் ஊரில் புகைக்குப் பஞ்சமில்லை! நான் படிக்க வேண்டும் என்று விரும்புபவர் மட்டும் பெயர் எழுதி மேசையில் வைக்கலாம். அப்படி வைத்த தாளில் குழந்தையின் பாதுகாப்பு தொடர்பாக ஏதேனும் இருந்தால், அதை நமக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். 1098-ஐ அழைக்க வேண்டும்.

முதல் நாள் மேசைக்கு வந்தது ஒரே ஒரு தாள். அவனுடையது.

"அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகல்ல தூங்குவாரு. ஒரே ரூம், சத்தம் போடக்கூடாது. சாயங்காலம் தம்பிய நான்தான் வெளிய வச்சிருப்பேன். அப்பா வேலைக்குப் போனப்புறம்தான் படிப்பேன் மிஸ்."

குழந்தைகளின் தலையில் இருக்கும் குப்பையை அகற்றப் போனவள் நான். ஆறு மாதமாக என் தலையில் கிடந்த ஒரு சொல்லை அன்று கிழித்துப் போட்டேன்.

இப்போது மாலையில் பள்ளி விட்டபின் முக்கால் மணி நேரம் எங்கள் வகுப்பறை திறந்திருக்கிறது. அவன் தம்பியையும் அழைத்து வந்து வீட்டுப்பாடம் முடித்துவிட்டுப் போகிறான். கூட நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.