ஓர் இடைவெளியால் போன விண்ணப்பங்கள்



இந்த ஆண்டு கல்வி உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, நம் அறக்கட்டளைக் கணினியில் ‘விண்ணப்பம்’ என்ற ஃபோல்டரில் வைத்திருந்தோம். போன ஆண்டுடையவை ‘விண்ணப்பம் பழையது’ என்ற ஃபோல்டரில் இருந்தன. இடம் போதவில்லை என்று பழையதை அழிக்க உட்கார்ந்தோம். அது லினக்ஸ் கணினி. கருப்புத் திரையில் ஆர், எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, சிறு கோடு, ஆர். பிறகு ஃபோல்டரின் பெயர். என்டர் தட்டியதும் ‘பழையது’ என்று ஒன்று இல்லையே என்றது கணினி. அதற்குள் ‘விண்ணப்பம்’ போய்விட்டிருந்தது. 43 பிள்ளைகளின் வருமானச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் அதில்தான் இருந்தன.

கமாண்ட் லைனில் இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். நாம் சொன்னது ஒரு ஃபோல்டரை. அது எடுத்துக்கொண்டது இரண்டாக. பெயரை மேற்கோள் குறிக்குள் தட்டியிருந்தால் தப்பியிருப்போம். பெயரில் இடைவெளியே விடாமல் வைப்பது இன்னும் நல்லது. இப்படி அழிப்பது குப்பைத் தொட்டிக்குப் போய்த் தங்குவதும் இல்லை.

இதை ஏன் எல்லோருக்கும் சொல்கிறோம்? 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டக் காக்களூரில்தான் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளும் ஒருநாள் இந்தத் திரை முன் உட்கார நேரலாம்.

புதிதாகக் கற்பவர்கள் ஆர், எம், டி, ஐ, ஆர் என்ற கட்டளையோடு நின்றுகொள்ளுங்கள். காலியான ஃபோல்டரை மட்டுமே அது அழிக்கும். உள்ளே ஏதாவது இருந்தால் மறுத்துவிடும். உள்ளே இருப்பதோடு சேர்த்து அழித்தே ஆகவேண்டும் என்றால், நாம் தட்டிய அந்த ஆர் எழுத்தோடு ஐ சேருங்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும். ஒய் தட்டினால்தான் அழியும். அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஐக்குப் பதில் எஃப் சேர்த்தால் எதையும் கேட்காது. அப்படியொரு கட்டளையை வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் தட்டாதீர்கள். எதையும் அழிக்கும் முன் பி, டபிள்யூ, டி தட்டி எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்றும், எல், எஸ் தட்டி அங்கே என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி இதே கட்டளையால் அழிந்தது. பேக்கப் எடுத்தது சரியாக இருக்கிறதா என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை, அதுவும் பழுது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு நகல் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகே பீரோவில் பூட்டுகிறோம்.

39 குடும்பங்கள் முகம் சுளிக்காமல் சான்றுகளை மறுபடி கொண்டுவந்து தந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். இன்னும் 4 பேருடையது வரவேண்டும். நால்வரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் பரவாயில்லை. இஷாவுக்குப் பிறகு இரவு 9.30 வரை அலுவலகம் திறந்திருக்கும்.