பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் விமர்சனம் படிக்கிறவர்கள்கூட, வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்பதை டிவி ஸ்டாண்டில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முதுகு சுவரோடு ஒட்டி. பாஸ் கும்மென்று அடைக்கும். குரல் எங்கேயோ பின்னால் நிற்கும். பிறகு ஆம்பிளிஃபயரைக் குறை சொல்வார்கள், வயரை மாற்றுவார்கள். பெட்டியை ஓரடி முன்னால் இழுத்துப் பார்க்க மட்டும் தோன்றாது. காசு கேட்காத வேலைக்கு மதிப்பில்லை போலிருக்கிறது.

அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கர் என்ற எண்ணமே 1950களில் வந்ததுதான். அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமென்றால் ஆள் உயரப் பெட்டி வேண்டும். 1954இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்சரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே, பாஸ் ஒலியை எழுப்பும் வூஃபரின் கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தியது. பெட்டி சுருங்கி அலமாரியில் ஏறியது. பின்னால் சுவரோ அலமாரியோ இருக்கும் என்ற கணக்கில் பிறந்த பெட்டிகள் அவை. 1970களில் இங்கிலாந்தில் வேறொரு பரம்பரை உருவானது. வெளிக்கள ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்க பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, 30 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட சின்னப் பெட்டி. வீடுகளுக்கு வந்தபோது அதையும் அதன் வாரிசுகளையும் சுவரிலிருந்து தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துவது வழக்கமாயிற்று. இன்று கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்று சுவரை எதிர்பார்க்கும், மற்றது எதிர்பார்க்காது.

சுவருக்கு இதில் என்ன வேலை? நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம். 20 செ.மீ. அகலப் பெட்டி அந்த அலைக்கு ஒரு தடையே இல்லை, அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் பரவிவிடும். சின்ன அலைகளான உச்ச ஒலிகள்தான் முன்பக்கமாக மட்டும் போகும். 20 செ.மீ. அகலத்துக்கு 500, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் கசிவு தொடங்கி, போகப்போக முன்னால் இருப்பவருக்கு 6 டெசிபல் வரை இழப்பாகிறது. வடிவமைப்பாளர் அதை உள்ளே ஒலிகளைப் பங்கிடும் கிராஸ்ஓவர் சுற்றிலேயே ஈடுகட்டியிருக்கலாம், அல்லது சுவர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம். பின்சுவர் பாஸை 6 டெசிபல் வரை ஏற்றித் தரும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பால் கிளிப்ஷ் 1946இல் மூலைக்கென்றே ஒரு ஸ்பீக்கரைச் செய்து விற்றார். ஏற்கெனவே ஈடுகட்டிய பெட்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினால் இரட்டைச் சம்பளம்தான். பெட்டியோடு வரும் கையேட்டில் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு வரி இருக்கும். நாம் பிரித்தே பார்க்காத அந்தக் காகிதத்தில் உருப்படியான வரி அது.

சுவர் கொடுப்பதோடு நிற்காது, எடுக்கவும் செய்யும். பின்னால் போய்த் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு எதிர்க்கட்டத்தில் மோதினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வூஃபருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கால் அலை நீளமாக இருக்கும்போது இது நடக்கும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 87 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், 60 செ.மீ. என்றால் 145, 25 செ.மீ. என்றால் 349. ராய் அலிசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1974இல் இதை விரிவாக எழுதினார். அவர் கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: வூஃபருக்கும் தரைக்கும், பின்சுவருக்கும், பக்கச்சுவருக்கும் உள்ள மூன்று தூரங்களும் சமமாக இருக்கவே கூடாது. மூன்றும் 80 செ.மீ. என்று அழகாக அமைந்துவிட்டால் மூன்று பள்ளமும் 109 ஹெர்ட்ஸில் ஒன்றாக விழும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாண்டின் முதல் வேலை இந்தத் தூரங்களை நம் விருப்பத்துக்கு விடுவது. இரண்டாவது வேலை உயரம். உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும் என்பார்கள். காரணம், ட்வீட்டரும் வூஃபரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் அலை நீளம் வெறும் 11, 12 செ.மீ. மேலிருந்தோ கீழிருந்தோ கேட்டால் இரண்டிலிருந்தும் காதுக்கு வரும் தூரம் மாறும். வித்தியாசம் 6 செ.மீ.யை நெருங்கினால் அந்த இடத்து ஒலி கரைந்துவிடும். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்டால் பாடகர் வாயில் துணி வைத்ததுபோல் ஒலிப்பது இதனால்தான். சோபாவில் காது ஒரு மீட்டர் உயரத்தில் என்றால், 30 செ.மீ. பெட்டிக்கு 70 செ.மீ. ஸ்டாண்ட் போதும். கடைகளில் கிடைக்கும் 60 செ.மீ. ஸ்டாண்டில் பெட்டியைச் சற்றே அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால் சரியாகிவிடும். ஆனால் கச்சேரி கேட்பது பாயில் உட்கார்ந்துதான் என்கிற வீட்டில் காது 80 செ.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். அங்கே ஸ்டாண்ட் 50 செ.மீ. இருந்தால் போதும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யும்போது இந்த அளவை நம் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும், படத்திலிருந்து அல்ல.

எடையைப் பற்றி நிறைய மாயம் பேசப்படுகிறது. வூஃபரின் கூம்பு 10 கிராம், பெட்டி 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு ஒரு மி.மீ. முன்னே பாய்ந்தால் பெட்டி பின்னே உதைபடுவது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. தள்ளாடாத எந்த ஸ்டாண்டும் இதைத் தாங்கும். உண்மையான தொல்லை வெற்று இரும்புக் குழாயின் ரீங்காரம். விரல் முட்டியால் தட்டினால் டிங்கென்று நீளும். மூன்று அங்குலச் சதுரக் குழாயில் காய்ந்த மணலை நிரப்பினால் அது டொக்கென்று அடங்கிவிடும். 60 செ.மீ. குழாய் ஐந்து கிலோவுக்கு மேல் மணல் கொள்ளும். மணல் ஈரமாக இருந்தால் துரு நிச்சயம், வெயிலில் நன்றாகக் காயவைத்து நிரப்பவும். அடித்தகடு பெட்டியைவிட அகலமாக இருப்பது குழந்தைகள் ஓடும் வீட்டில் ஒலியைவிட முக்கியம். கூர்முனை ஆணிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கார்ப்பெட்டைத் துளைத்து அடியிலுள்ள மரப்பலகையைப் பிடித்துக்கொள்ள வந்தவை அவை. நம் கான்கிரீட் தளத்தின் மேல் டைல்ஸைக் கீறுவதைத் தவிர அவற்றுக்கு வேலை இல்லை. ரப்பர் துண்டு போதும்.

இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணம் என்பது எல்லோரும் சொல்வது, அது சரியும்கூட. இரண்டு ஒலிபெருக்கிகளால் நடுவே இல்லாத இடத்தில் ஒரு பாடகரை நிறுத்தலாம் என்பதை ஆலன் புளூம்லைன் 1931லேயே காப்புரிமையாக எழுதி வைத்துவிட்டார். முக்கோணம் கோணினால் அந்தப் பாடகர் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

பெட்டிகள் இடம்பிடித்தபின் மிச்சம் அறைதான். அறையின் எதிரொலிப்பை அளக்கும் வழியை ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895இல் தொடங்கிய ஆய்வுகள் தந்தன. எதிரொலித்துத் தொலைத்த ஒரு விரிவுரைக் கூடத்தில் இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கி, ஆர்கன் குழாயின் ஒலி எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று கணக்கெடுத்தார். அவர் சூத்திரப்படி, 10 அடி உயரக் கூரையும் சிமென்ட் பூச்சும் டைல்ஸும் கொண்ட பத்துக்குப் பன்னிரண்டு காலி அறையில் ஒலி அடங்க மூன்று வினாடிக்கு மேலாகும். மெத்தை, சோபா, திரைச்சீலை, புத்தகம் எல்லாம் வந்தபின் அரை வினாடிக்கு இறங்கலாம். பவானி ஜமக்காளம் விரித்தால் கைதட்டலின் சலசலப்பு குறையும், பாஸுக்கு ஒன்றும் ஆகாது. 100 ஹெர்ட்ஸின் கால் அலையே 87 செ.மீ. அந்தத் தடிமனில் ஜமக்காளம் யாரும் நெய்வதில்லை.

பாஸுக்கு வைத்தியம் உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. 12 அடி நீளத்தில் சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நிற்கும் அலை 48 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 95. பாஸ் கிடாரின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வருவது 49, மெல்லிய தந்தியைச் சும்மா மீட்டினால் 98. இளையராஜாவின் பாஸ் ஓட்டத்தில் சில ஸ்வரங்கள் மட்டும் அறையை உலுக்கி, அடுத்தது காணாமல் போவது வாசித்தவர் குறையல்ல. கேட்பவருக்குப் பின்னால் உள்ள சுவரோரம் 48, 95 இரண்டும் உச்சம். அறையின் நடுவில் 48 மறைந்து 95 மட்டும் உச்சத்தில் நிற்கும். அந்தச் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாலடி முன்னால் வந்தால் இரண்டும் சமமாகப் பாதிக்குத் தணியும். பத்துக்குப் பத்துச் சதுர அறையில் நீளமும் அகலமும் உயரமும் ஒரே 57 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்ளும், அது மோசம்.

நாலடி முன்னால் உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களை அவற்றின் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஐந்தரை அடி இடைவெளியில் வைக்கலாம். பக்கங்களில் இரண்டேகால் அடி கிடைக்கும், தரையிலிருந்து வூஃபர் இரண்டே முக்கால் அடி. மூன்றும் வேறுவேறு. முக்கோணத்தில் கேட்பவர் பக்கம் சற்று நீளும், பாதகமில்லை. சோபாவை நடுக்கூடத்துக்கு இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்குமா என்பது அறிவியலுக்கு வெளியே உள்ள கேள்வி. கிடைக்காதவர்கள், பெட்டியின் பின்பக்கம் வட்டத் துளை இருந்தால் அதில் ஸ்பாஞ்ச் அடைத்துப் பாஸைக் குறைக்கலாம். சில நிறுவனங்கள் அதற்கென்றே உருளை ஸ்பாஞ்சைப் பெட்டியோடு தருகின்றன. சுருட்டிய பழைய காலுறையும் அதே வேலையைச் செய்யும்.