அருங்காட்சியகத்தில் கோடைப் பயிற்சி: பிள்ளையை அனுப்பலாமா?



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு வியாபாரம் செய்யும் நாமக்கல் சகோதரர் ஒருவருடன் இந்த ஏப்ரலில் அவருடைய வேனில் சோளக்காட்டுக்குப் போனேன். இருபதாவது வளைவு தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், மக இன்டீரியர் டிசைன் படிக்கிறால்ல, அவளுக்கு லீவுல ஒரு மியூசியத்துல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. பொருளை எப்படிப் பார்வைக்கு வைக்கணும்னு கத்துக் கொடுப்பாங்களாம். அங்க சிலையெல்லாம் இருக்குமே, அனுப்பலாமா?"

"அங்கே அவள் என்ன வேலை செய்யப் போகிறாள்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு விஷயம் இன்னதென்று விளங்கிய பிறகுதான் அதற்குத் தீர்ப்பு என்று மதரஸாவில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனவே மேலே போய்ச் சேரும் வரை நான் கூடும், கூடாது என்று எதுவும் சொல்லாமல், அந்த வேலை என்ன என்பதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆலிம் பட்டத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்த காலத்தில் பல அருங்காட்சியகங்களில் சுற்றியவன் நான். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆடி மாதம் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவைப் பார்த்திருப்பீர்கள். மலர்க் கண்காட்சியும் அரசுத் துறைகளின் அரங்குகளும் இருக்கும். இப்படிப்பட்ட அரங்குகளில் ஒரு மேசை மீது சாமை, தினை, கேழ்வரகு என்று தட்டுத் தட்டாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டைச் செருகியிருப்பார்கள். கூட்டம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். அதே சாமையை, அதை இடிக்கும் உரலுக்குப் பக்கத்தில் வைத்து, மலைச்சரிவில் விளையும் வயலின் படத்தைப் பின்னால் மாட்டி, இந்தத் தானியத்தை ஏன் பலர் கைவிட்டார்கள் என்று நான்கு வரி எழுதி, குழந்தையும் எட்டிப் பார்க்கும் உயரத்தில் வைத்தால்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களுக்காக நீண்ட காலம் உழைத்த கதையும் அந்த நான்கு வரிக்குள் வந்துவிடும். பொருள் மாறவில்லை, வைத்த விதம்தான் மாறியது. இதைத்தான் காட்சி வடிவமைப்பு என்கிறார்கள். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இது தனிப் படிப்பாகவே இருக்கிறது.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் நாளே பெரிய அரங்கைக் கொடுத்துவிட மாட்டார்கள். டேப்பும் பென்சிலும்தான் கிடைக்கும். பொருள்களின் நீளம், அகலம், எடை எடுத்துப் பட்டியல் போட வேண்டும். அரங்கின் தரைப்படம் வரைய வேண்டும். அட்டையில் சிறு மாதிரி செய்து, பார்வையாளர் எந்தப் பக்கம் நுழைந்து எங்கே திரும்புவார், சக்கர நாற்காலி போக இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவது பரவலான வழக்கம். சராசரி ஆளின் பார்வை அங்கேதான் விழும். பிறகு விளக்கச் சீட்டு. நின்றபடி படிக்கிறவருக்கு எழுதுவது என்பதால் ஐம்பது, அறுபது சொற்களுக்குள் முடிய வேண்டும். நம் ஊர் அருங்காட்சியகங்கள் சிலவற்றில் தமிழ்ச் சீட்டைப் படித்துவிட்டு, புரியாமல் ஆங்கிலச் சீட்டைத் தேடியிருக்கிறேன். நல்ல தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிச்சம். இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மதரஸாவின் ஆண்டு விழாவில் பழைய கையெழுத்துக் குர்ஆன் பிரதி ஒன்றைப் பார்வைக்கு வைத்தோம். பொறுப்பு என்னுடையது. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஃபோகஸ் லைட்டை ஒரு முழ தூரத்தில் வைத்தேன். மூன்று நாள் கழித்து எடுத்தபோது திறந்திருந்த இரண்டு பக்கமும் வளைந்து நின்றன. ஓரத்துச் சிவப்பு மை மங்கியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பிரதியை எழுதியவரின் பேரன் மட்டும் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு சுமார் 50 லக்ஸ். எண்ணெய் ஓவியத்துக்குச் சுமார் 200 வரை போகலாம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போவது, திரும்பாதது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் வைத்தால் 1,20,000 லக்ஸ் மணி. நான் வைத்த விளக்கு 5,000 லக்ஸ் தந்திருந்தால், நாளுக்கு 8 மணி நேரமாக மூன்றே நாளில் அதே 1,20,000. ஒரு வருட வெளிச்சத்தை மூன்று நாளில் கொட்டியிருக்கிறேன். பக்கம் வளைந்தது சூட்டினால். புத்தகத்தை முழுதாக விரித்து முதுகை ஒடிக்காமல் சாய்வான தாங்கியில் வைப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு பக்கத்தைத் திருப்புவது, இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கோடைப் பயிற்சி முடித்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிலை செய்வதும் அதற்கு வழிபாடு செய்வதும் ஒன்று. பழைய காலத்துப் பொருள் கெடாமல் பாதுகாத்து, இது இன்ன காலத்தது என்று விளக்கி வைப்பது வேறொன்று. முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைப் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. மகளின் வேலை இரண்டாவது வகையாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன். இதில் என்னைவிடக் கடுமையான கருத்துள்ள உலமாக்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் வேலை என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் முடியும்: துணி, நாணயம், வீடுகள், ஓலைச்சுவடி என்று பல பிரிவுகள் உண்டு.

உதாரணத்துக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்தது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளை இருந்த இடத்தில் பிரித்து, கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். சிக்மகளூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்து வீடும் அதில் உண்டு. அங்கே வீடே காட்சிப் பொருள். மாணவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். நாணயப் பிரிவு என்றால், சுமார் 1335 முதல் 1378 வரை இருந்த மதுரை சுல்தான்களின் காசுகளில் உருவம் இல்லை, அரபு எழுத்துதான். அதை வாசித்துச் சீட்டு எழுத அரபு தெரிந்தவர் வேண்டும். நம் மதரஸா மாணவர்களுக்கும் இது ஒரு வழி.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவுகள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது. கட்டிடத்தை வடிவமைத்த ஐ.எம். பெய், கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் உள்ள உளூச் செய்யும் மண்டபத்திலிருந்து அந்த யோசனையை எடுத்தார். கோலாலம்பூரில் 1998 முதல் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபு மையம். நம் ஊரிலோ காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் பரணில் அரபுத்தமிழ் ஏடுகளைக் கரையான் தின்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. பயிற்சிக் காலம், வேலை நேரம், பொறுப்பாளர் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் சம்பளம் கிடையாது, சான்றிதழ் மட்டும்தான். தங்குமிடச் செலவு உங்களுடையது. தொழுகைக்கு இடம் கேட்கத் தயங்க வேண்டாம், பெரும்பாலும் ஒரு மூலை கிடைத்துவிடும். வெளியூர் முடியாது என்றால் நாமக்கல்லிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்துடன் காப்பாட்சியரைப் போய்ப் பாருங்கள்.

சோளக்காட்டில் மிளகு எடை போட்டு முடிந்து டீ குடிக்கும்போது அவர் மகளுக்கு ஃபோன் போட்டார். "அத்தா, ஹஜ்ரத் என்ன சொன்னாங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. போகலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பரணில் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் அவருடைய பாட்டனார் கைப்பட எழுதிய குர்ஆனைப் பற்றிப் பேச்சை எடுத்தார். கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டலாமா என்பது அவர் சந்தேகம். வேண்டவே வேண்டாம், லேமினேஷனும் செய்யாதீர்கள் என்று நான் குறுக்கே சொன்னேன். மகள் அந்தப் பக்கம் பென்சில் தேடினாள். ஊருக்கு வந்ததும் அதன் நீள அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.