அறுந்த நரம்பும் மின்சாரமும்

ஹந்தானை மலைச்சரிவிலே தேயிலையைக் கவ்வாத்துச் செய்யும்போது கத்தி சற்றே வழுக்கினாற் போதும், விரல் அறுபட்டுவிடும். புண் சில நாட்களில் ஆறிவிடும். ஆயின், உள்ளே நரம்பும் துண்டிக்கப்பட்டிருந்தால் விரல் நுனி மரத்தே கிடக்கும். கைவேலையால் வயிறு வளர்ப்போருக்கு இது சிறு நட்டமன்று.

வைத்தியர் அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைத்தாலும் உணர்ச்சி உடனே மீள்வதில்லை. வெட்டுண்ட இடத்திலிருந்து புதிய இழை முளைத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் ஊர்ந்து செல்லவேண்டும். மணிக்கட்டிலே அறுந்தால் விரல் நுனியை அடைய ஆறு மாதமாகும்! இழை இவ்வாறு வளர்வதை, தவளைக் கருவின் நரம்புக் கலங்களை வெளியே எடுத்து வளர்த்து, 1907இல் கண்ணாரக் கண்டவர் ரொஸ் ஹரிசன் என்னும் அமெரிக்கர்.

அவ்விழைக்குத் திசை காட்டுவது எது? இரசாயனப் பொருள்கள் பல உண்டு. மின்சாரமும் அவற்றோடு சேரும் போலும். நம் தோலே ஒரு மின்கலம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். தோலின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நேர்மின் மிக்கது. தோல் கிழிந்தால் காயத்தை நோக்கி மின்னோட்டம் பாய்கிறது. 19ஆம் நூற்றாண்டிலே டு புவா ரேமொண் என்ற ஜெர்மானியர் தம் விரலையே காயப்படுத்தி இதனை அளந்தார்.

1979இல் ஜாஃபே, பூ என்னும் இருவர், கோழிக் கருவின் நரம்பிழைகள் எதிர்மின்வாயை நோக்கி விரைந்து வளர்வதைக் கண்டனர். தவளைக் கருவின் இழைகளோ அப்பக்கமாக வளைந்தே செல்வதை 1981இல் வேறு சிலர் காட்டினர். மில்லிமீற்றருக்கு 10 மில்லிவோல்ற்றளவான புலமே இதற்குப் போதும். ரோச் விளக்கின் 1.5 வோல்ற்று மின்கலம் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் தருவது அவ்வளவே. எனினும் எல்லா உயிர்களும் இதற்கு இணங்குவதில்லை. வரிக்குதிரை மீனின் நரம்புக் கலங்கள் மின்புலத்தைப் பொருட்படுத்தவேயில்லை.

ஆகையால், மின்சாரப் பட்டி கட்டினால் நரம்புத் தளர்ச்சி நீங்கும் என்று முன்னாளில் விற்றவர்களை நாம் இப்பொழுதும் நம்பவேண்டியதில்லை. வீட்டிலே மின்கலத்தைக் காயத்தில் வைத்துப் பார்ப்பதும் தகாது.

கனடாவிலே விரல் நரம்பு அறுந்த 36 பேரிடம் செய்த சோதனையொன்று 2015இல் வெளிவந்தது. நரம்பைத் தைத்தபின் ஒரு மணி நேரம், வினாடிக்கு 20 வீதம் மின்துடிப்புச் செலுத்தப்பட்டோருக்கு ஏனையோரைவிட உணர்ச்சி நன்கு மீண்டது. இது நிலையான மின்புலமன்று. இழைக்கு வழிகாட்டுவதைவிட, நரம்புக் கலத்தைத் தட்டியெழுப்பி வளரத் தூண்டுவதே இதன் வேலை.

இவையெல்லாம் நரம்பைத் தைத்தபின் நடப்பவை. விரலில் ஆழமான வெட்டு விழுந்தால், இரத்தம் நின்றதோடு வீடு திரும்பாமல், நுனியிலே உணர்ச்சி இருக்கிறதா என்று வைத்தியரைத் தொட்டுப் பார்க்கும்படி அன்றே கேட்கலாம்.